வெளுத்த சிராப்

8 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மலை உச்சி தெரியவில்லை. மின்விசிறி மறுபடி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். மகள் யாழினிக்கு வாங்க: நாப்கின், ரொட்டி, ரோஜா சிராப்.

வேலை முடிந்ததும் பாயான் பாருவில் ஒரு கூட்டம். என் கணவர் சேகர் பலநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சும்மா வந்து கேளு. கேக்கறதுக்குக் காசா?" அவர் யாரிடமும் கெஞ்சுபவர் அல்ல. அதனால் போனேன். யாழினி நாத்தனார் வீட்டில்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கூட்ட அறை. எல்லோரும் எங்களைப் போல ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர், அதே தூக்கம் கெட்ட கண்கள். நடுவில் கமலா அக்கா. பட்டுச் சேலை, தேன் குரல். "ஆட்டிசம் நோயே இல்ல மா. குடல்ல இருக்கற அழுக்கு. இந்தச் சொட்டு மருந்து கழுவி வெளிய தள்ளிடும்."

அவர் போனில் ஒரு படம். கை மாறி வந்தது. கிண்ணத்தில் மலம், அதில் நூல் நூலாக ஏதோ. "புழு. என் பையன் வயித்துலேருந்து வந்தது." எனக்குத் தெரிந்தவரை அது வெந்து உரிந்த குடல் சவ்வு. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், கையில் கடித்த கறிப்பாப்போடு. ஒருவர் பார்த்துக்கொண்டே மென்றார்.

குப்பியைத் திறந்தார்கள். நீச்சல் குளத்து வாடை. தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிப்பதுதான் என் வேலை. இந்த வாடை எனக்கு அத்துப்படி. துணி வெளுக்கிற மருந்துக்கு நெருங்கிய சொந்தம்.

"இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"இயற்கை உப்பு மா."

"எந்த உப்பு?"

"நீங்க டீச்சரா? படிச்சவங்களுக்கு நம்பிக்கை வர கொஞ்சம் லேட்டாகும் லா."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சே.யும் சிரித்தார்.

கிளம்பும்போது அக்கா: "ஆடி பொறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிருங்க. ஆடியில புதுசா எதையும் தொட வேணாம்." ப்ளீச்சுக்கும் நல்ல மாதம் பார்க்கிறார்கள்.

10 ஜூலை, வியாழன்

மதியம் மழை. மின்விசிறி ஆள் வரவில்லை.

யாழினி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். பழைய தழும்பின் மேலேயே. பள்ளியிலிருந்து அழைப்பு, வந்து கூட்டிப்போங்கள் என்று. பதினாலு வயது, என் உயரம். காடியின் பின்சீட்டில் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

சே.யோடு சண்டை. "டாக்டர் மாத்திரை என்னத்தக் கிழிச்சுது? குண்டாக்கி விட்டுச்சு, அவ்ளோதான்." இது பொய்யில்லை. அந்த நிபுணர் கணினித் திரையைப் பார்த்தே அளவைக் கூட்டினார், இவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேலும் எனக்கு மரியாதை இல்லை.

"நாம போய்ட்டா யாரு இவளுக்கு நாப்கின் மாத்துவா? நீ சொல்லு."

"அதுக்காக ப்ளீச்சு குடுப்பீங்களா?"

"நீ லேப்ல பாக்கறது வேற. இது வேற."

கடைசியில், "சரி மா, உன்னக் கேக்காம குடுக்க மாட்டேன்" என்றார்.

12 ஜூலை, சனி

ஆயர் ஈத்தாம் சந்தை. மீன், கீரை, சிராப் இரண்டு போத்தல்.

யாழினி குடிப்பது அது ஒன்றுதான். சிவப்பு ரோஜா சிராப், நான் கரைத்து ஜக்கில் வைப்பது, அவளுடைய கண்ணாடிக் கோப்பையில். வெறும் தண்ணீரைத் தொடமாட்டாள். காய்ச்சலானாலும் சிராப் வழியாகத்தான் உடம்புக்கு நீர் போகும். அதில் இதுவரை ஒரு மாத்திரைகூடக் கலந்ததில்லை. குமட்டினாலும் மாத்திரை தனியாகத்தான். சிராப் அவளுடையது.

சே. நல்ல மனநிலையில் இருக்கிறார். பாத்திரம் கழுவினார். நாளும் நேரமும் பார்க்க நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, தங்கை வீட்டு விசேஷமாம்.

14 ஜூலை, திங்கள்



வேலையிலிருந்து வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஜக்கில் சிராப் வெளுத்திருந்தது. சிவப்பே இல்லை, கழுவிய புண்போல ஒரு நிறம். மூடியைத் தூக்கினேன். நீச்சல் குளம்.

யாழினி தரையில். சட்டை முழுக்க வாந்தி. நெற்றியில் விபூதி, நல்ல நேரம் பார்த்துப் பூசியது. சே. துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாத. அழுக்கு வெளியாவுது. மொத நாள் இப்படித்தான் இருக்கும்னு அக்கா சொன்னாங்க."

"என்னைக் கேக்காம..."

"ஆடி வருதுல்ல? உன்னக் கேட்டா இழுத்துக்கிட்டே இருப்ப."

வாந்தியைப் படமெடுத்து அக்காவின் வாட்ஸ்ஆப் குழுவில் வேறு போட்டிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், இதயங்கள். 'நல்ல சகுனம் அண்ணே.' குப்பியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மருத்துவமனை. இளம் மலாய் டாக்டர் குப்பியை மோந்துவிட்டு என்னைப் பார்த்தார், சே.யை அல்ல. தாய்தானே என்கிற பார்வை. ரத்தப் பரிசோதனையில் பெரிய கெடுதல் இல்லை. நிறையக் குடிக்க வைக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் சே. காடி ஓட்டினார். அவர் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதே கைதான் தினமும் அவளுக்குத் தலை வாரும்.

15 ஜூலை, செவ்வாய்

விடுப்பு. வெயில்.

யாழினி எதையும் குடிக்கவில்லை. ஜக்கைக் குப்பையில் போட்டேன். புது போத்தல், அவள் கண் முன்னாலேயே திறந்து கரைத்தேன். நல்ல சிவப்பு. வாங்கினாள், மோந்தாள், தள்ளினாள். மறுபடியும் மறுபடியும் அதேதான். உதடு வெடித்திருக்கிறது. டாக்டரிடம் பேசினேன். நாளைக்கும் குடிக்காவிட்டால் டிரிப்பாம். ஆள் சேர்த்து அமுக்கிப் பிடித்தால்தான் இவளுக்கு ஊசி.

கமலா அக்காவின் குரல் செய்தி. சே. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், தெரியாமலா வேண்டுமென்றா தெரியவில்லை. "பாதியில விட்டுறாதீங்க அண்ணே. தாயாருக்குப் பயம்னா தாயாருக்குத் தெரியாம குடுங்க." முழுக்கக் கேட்டார். குழுவிலிருந்து வெளியேறினார். மிச்சக் குப்பியை என்னிடம் நீட்டினார், எப்படிக் கொட்டுவதென்று கேட்டார். இதற்கு மட்டும் என் படிப்பு வேண்டும்.

16 ஜூலை, புதன்

நாளை ஆடி. மின்விசிறி ஆள் வந்து போனான்.

காலையில் என் உள்ளங்கையிலிருந்து ஐஸ் கட்டியை நக்கினாள். இன்னொன்று. பிறகு நிறைய. டிரிப் வேண்டாம் என்றார் டாக்டர். கை மரத்துப்போனது, எடுக்கவில்லை.

மாலையில் சே. சிராப் கரைத்துக் கொண்டுவந்தார். தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். "பாப்பா, அப்பா ஒண்ணும் போடல. சத்தியமா போடல." கோப்பையை வாங்கி மோந்தாள். அதை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். பல்லில் இடித்தது.

அவர் குடித்தார். ஒரு சொட்டு விடாமல். அவள் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், காலிக் கோப்பையைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்து வைத்தாள்.