ஏழு பேரும் ஒரு வெண்கலப் பானையும்

புது வண்டியின் வாசனையை நான் நம்புவதில்லை. போன மாதம் செங்கல்பட்டில் ஒரு ஷோரூமில் எலெக்ட்ரிக் கார் ஒன்றின் கதவைத் திறந்துவிட்டார்கள். பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் ஏதோ செண்டும் கலந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. எதையோ மறைப்பதற்கென்றே தெளித்தது போல் இருந்தது. நான் தலையை உள்ளே விட்டுக் கடைசி சீட்டுக்கு அடியில் மோந்து பார்த்தேன். என்னப்பா பண்றீங்க என்று அருண் பின்னாலிருந்து சட்டையை இழுத்தான். என்ன தேடுகிறேன் என்று மகனிடம் சொல்லவில்லை. மச்சான், உன் வேனில் அந்த இடத்தில் எப்போதும் கருவாட்டு வாசனை இருக்கும் என்பது உனக்குத் தெரியும்.

அந்த வாசனை வந்த கதையை நீ யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்கு முதல் தடவை உன் வேனில் போனோமே, அப்போதுதான். பங்குனி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. விழுப்புரம் தாண்டும்போதே எனக்கு மூக்கில் பட்டது. கேட்டேன். கடலோரத்துக்காரன் சட்டையில் கடல் வாசனை வராதா என்றாய். திருச்சியில் மறுபடி கேட்டேன். "சாமியே வந்தாலும் நீ கேட் பாஸ் கேப்ப மச்சான்" என்று சிரித்தாய். பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்டு எல்லாம் முடிந்த மறுநாள், சீட்டுக்கு அடியிலிருந்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து என் மாமா கையில் கொடுத்தாய். அவருக்குக் கருவாடு என்றால் உயிர் என்று நான் எப்போதோ ஸ்டாஃப் பஸ்ஸில் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாய். பூசை முடியும்வரை வெளியே எடுக்கவில்லை, அதில் நீ சுத்தம்.

நாம் இரண்டு பேரும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒரே செக்‌ஷனில் டெக்னீஷியன்கள். நீ சதுரங்கப்பட்டினத்து ஆள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். நான் பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் ஒட்டிக்கொண்டவன். பங்குனியில் நீ என் சாமிக்கு வண்டி ஓட்டினாய், ஆவணியில் நாங்கள் உன்னோடு வேளாங்கண்ணிக்கு வந்தோம். உன் மனைவி ஸ்டெல்லா என்னை அண்ணன் என்றதால் நான் உனக்கு மச்சான் ஆனேனா, இல்லை பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் உனக்கு மச்சான்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உன் வேனில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்ததை நீ ஒருநாளும் மதித்ததில்லை. நான் டயரைத் தட்டிப் பார்ப்பேன், பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன், சுமையைக் கூட்டிப் பார்ப்பேன். நீ ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "ஏறு மச்சான், எடம் கீது" என்பாய். எப்படியோ இடம் இருக்கும்.

நீ போய்ச் சேர்ந்தபிறகு வேனை விற்றுவிட்டார்கள். முதல் பங்குனிக்கு நாங்களும் எங்கேயும் போகவில்லை. அடுத்த பங்குனிக்கு ஸ்டெல்லாவையும் உன் மகள் ஜெனியையும் கூப்பிட்டோம். முட்டி வலி என்றாள் ஸ்டெல்லா. ஆவணியில் வேளாங்கண்ணிக்கும், அடுத்த வருஷமும் அதே முட்டி வலி. ஆனால் மாமல்லபுரம் சந்தைக்கு அவள் பஸ் ஏறி நின்றுகொண்டே போவதை நான் பார்த்தேன். முட்டி வலிக்குச் சந்தை தெரியாதா? அன்றிலிருந்து எனக்குள் ஒரு பூச்சி குடைய ஆரம்பித்தது. என் மனைவி கமலா ஏதாவது சொல்லியிருப்பாளோ, அருண் ஏதாவது சொல்லியிருப்பானோ என்று ஒவ்வொருவராக மனதுக்குள் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அருண் புது வண்டி எடுக்கலாம் என்றபோது, ஏழு பேர் உட்காரும் வண்டிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். நாங்கள் ஐந்து பேர். நான், கமலா, அருண், மருமகள், பேத்தி. மீதி இரண்டு யாருக்கென்று நான் சொல்லவில்லை, அவர்களாகச் சொல்கிறார்களா பார்ப்போம் என்று இருந்தேன்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரு பையில் எங்கள் பொங்கல் பானையை எடுத்துக்கொண்டேன். வெண்கலப் பானை, உனக்குத் தெரியாததா, நீதான் வருஷா வருஷம் தூக்கி வைப்பாய். அங்கே விற்பனைப் பையன் கழுத்தில் அட்டையும் உதட்டில் சிரிப்பும் மாட்டிக்கொண்டு நின்றான். வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைக் கையில் கொடுத்தான். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒரு படத்தில் ஏழு பேர் உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறார்கள், அதில் பின்கதவு மூடியிருக்கிறது. இன்னொரு படத்தில் பின்கதவைத் திறந்து பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள், அதில் ஏழு பேரைக் காணோம். இந்த ஏழு பேருடைய பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். பையன் அருணைப் பார்த்தான். அருண் கூரையைப் பார்த்தான்.

அப்புறம் பானையை எடுத்தேன். கடைசி வரிசை சீட்டை நிமிர்த்தி வைத்தால் அதற்குப் பின்னால் பள்ளிக்கூடப் பைகள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். பானை உள்ளே போனது, கதவு மூடவில்லை. அந்தச் சீட்டை மடக்கினால் பானை என்ன, அரிசி மூட்டை, தேங்காய் மூட்டை, வாழைத்தார் எல்லாம் போகும். ஆனால் ஆள் போக முடியாது. முன்னால் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் சாமான் வைக்க ஒரு தொட்டி இருக்கிறது என்று பையன் பெருமையாகத் திறந்து காட்டினான். சார்ஜ் போடும் ஒயரைச் சுருட்டி வைத்தால் அது நிறைந்துவிடும். ஸ்டெப்னி டயர் எங்கே என்றேன். பஞ்சர் ஒட்ட ஒரு டப்பா தருகிறார்களாம். இருக்கிறது என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் இல்லாத ஒன்று ஒளிந்திருந்தது.

கடைசி வரிசையில் நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் தாடையைத் தொட்டது. பேட்டரி எல்லாம் தரைக்கு அடியில் இருப்பதால் தரை கொஞ்சம் மேலே வந்திருக்கும் சார் என்றான் பையன். சீட்டு அதே உயரம், தரை மட்டும் மேலே. குந்தி உட்கார்ந்த மாதிரி கோவில்பட்டி வரை யார் போவது? "ஏழு பேர் தாராளமா போலாம் சார்" என்று அவன் மறுபடி சொன்னபோது, அவன் என்றைக்காவது இதில் உட்கார்ந்திருக்கிறானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அருண் பக்கத்தில் நின்ற ஐந்து பேர் வண்டியைக் காட்டினான். பானையை வைத்தோம், கதவு அழகாக மூடியது. இதுவே போதும் என்று கமலா உடனே சொன்னாள். அவள் ஒரு புடவை எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவள். அவ்வளவு சீக்கிரம் அவள் சம்மதித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழு வேண்டும் என்றேன். அருண் கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"நாம அஞ்சு பேருதானப்பா. மீதி ரெண்டு யாரு?"

மச்சான், அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. உன் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே வளர்ந்த பையன் கேட்கிறான், மீதி இரண்டு யார் என்று. பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். குவார்ட்டர்ஸை விட்டபின் குடிவந்த எங்கள் புதுப்பட்டினத்து வீடு வரும்வரை பானையை மடியிலேயே வைத்திருந்தேன். அன்று மாலை கமலாவிடம் நேராகவே கேட்டேன், உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் என்ன பிரச்சினை என்று. அவள் அழுதுவிட்டாள். அவளும் ஸ்டெல்லாவை எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாளாம், வரமாட்டேன் என்கிறவளுக்காகக் காலி சீட்டைக் கோவில்பட்டி வரை இழுத்துக்கொண்டு போனால் அதைப் பார்த்துப் பார்த்து நான்தான் உடைந்து போவேனாம். அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

ஓட்டிப் பார்க்க வண்டியை வீட்டுக்கே அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு பேர் வண்டி வந்தது, கூடவே அதே பையனும். நானும் கமலாவும் ஏறியதும் சதுரங்கப்பட்டினத்துக்கு விடச் சொன்னேன். அருண் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். டச்சுக்காரன் கோட்டையைத் தாண்டி உங்கள் தெருவில் நிறுத்தினோம். ஸ்டெல்லா அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தாள். "இன்னா அண்ணாத்த, வண்டியோட வந்துகிறீங்க" என்று கேட்டவள், கமலாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியையும் நான் கவனித்தேன். சண்டைக்காரிகளின் பிடியாக அது இல்லை.

இது உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எடுக்கப்போகும் வண்டி, உட்கார்ந்து பார் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், நான் விடவில்லை. நடு சீட்டை மடக்கி, அந்தச் சந்தில் உடம்பைச் சாய்த்து நுழைந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை கூரையில் இடிக்க, ஒரு சிரிப்புச் சிரித்தாள். திரும்ப இறங்க முடியவில்லை. அருண்தான் கையைக் கொடுத்து இழுத்து இறக்கினான். அவன் முகம் சிவந்துவிட்டது. அத்தையை அந்தக் குழியிலா உட்கார வைக்கப் போகிறோம் என்று என்னைக் கேட்டான்.

முட்டி வலி நிஜம்தான் போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா முந்தானையைச் சரி செய்துகொண்டே சொன்னாள்.

"முட்டி இல்ல அண்ணாத்த. அவுரு ஓட்டிகினு வரசொல்லோ நான் எங்க குந்தினாலும் அது எங்க வண்டி. இப்ப எங்க குந்தினாலும், நீங்க இட்டுகினு போற ஆளுதான நான்?"

இரண்டு வருஷமாக எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன். இந்த ஒரு காரணம் மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. உன் வேனில் நாங்கள்தான் விருந்தாளிகள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷமும் நாங்கள் ஏறி உட்கார்ந்தோம், நீங்கள் கூட்டிப்போனீர்கள். நாங்கள் ஒருநாளும் கூசவில்லை, ஏனென்றால் கூச விடாமல் பார்த்துக்கொண்டாய்.

ஜெனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உன் மகள் இப்போது செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள், லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அருண் சாவியை அவளிடம் நீட்டினான். "நீ ஓட்டு" என்றான். பையன் பதறி அவள் லைசென்ஸைக் கேட்டான், அவள் உள்ளே ஓடி எடுத்துவந்தாள். பங்குனிக்குக் கோவில்பட்டி வரைக்கும் நீதான் ஓட்டணும், எனக்கு நைட்டெல்லாம் ஆபீஸ் வேலை இருக்கும் என்று அருண் அவளிடம் சொன்னான். அவன் ஆபீஸுக்குப் பங்குனியில் அப்படி என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஸ்டெல்லாவை முன் சீட்டில் ஏற்றினோம். நடுவில் கமலாவும் அருணும். பையன் வழக்கம்போல் முன்னால் வரப் பார்த்தான். தம்பி, நீங்க நம்மகூடப் பின்னாடி வாங்க, தாராளமா இருக்கும் என்றேன். நானும் அவனும் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மாமல்லபுரம் சாலையில் வண்டி சத்தமே இல்லாமல் போனது. சத்தம் போடாத வண்டியை நம்பலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேகத்தடையில் இரண்டு பேர் தலையும் கூரையில் ஒன்றாக இடித்தது. "கொஞ்சம் டைட்டுதான் சார்" என்று பையன் மெதுவாகச் சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னதில் நான் முழுசாக நம்பியது அது ஒன்றுதான்.

முன்னால் ஸ்டெல்லா ஜெனியை அதட்டிக்கொண்டே வந்தாள். மெதுவா போ, ஆடு வருது பாரு, லாரிக்கு வழி வுடு. உன்னை அப்படித்தான் அதட்டுவாள். பாதி வழியில் கமலாவைத் திரும்பிப் பார்த்து, "காத்து வருதா அண்ணி, ஏசிய ஏத்தட்டா?" என்று கேட்டாள். சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டவர்களை விசாரிக்கிற குரல் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பையன் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழு பேர் வண்டியையே எடுத்துவிட்டோம். பொங்கல் பானையை ஊரில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கமலாவே சொல்லிவிட்டாள். போகும்போது ஆளுக்கு ஒரு பை, அதையும் காலடியில் வைத்துக்கொள்வது. வரும்போது அரிசியும் தேங்காயும் லாரி சர்வீஸில் வரட்டும். கடைசி வரிசையில் பேத்திக்குக் கால் எட்டாது, அதனால் அவளுக்கு இடிக்காது. அவளுக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையது, அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு சார்ஜில் திருச்சி வரை போகும் என்கிறார்கள். பார்க்கத்தானே போகிறோம்.

ஆனால் உனக்கு இதை எழுதுவது வண்டியைப் பற்றிச் சொல்வதற்காக இல்லை. அன்று மாமல்லபுரத்திலிருந்து திரும்பி உங்கள் வாசலில் இறங்கும்போது, ஸ்டெல்லா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, உத்திரம் இந்த வருஷம் என்றைக்கு அண்ணாத்த, லீவு போட ஜெனி கேட்கிறாள் என்றாள். நான் தேதியைச் சொன்னேன். எதையும் இரண்டு தரம் கேட்காமல் விடாதவன் நான், உனக்குத் தெரியும். நிஜமாகவே வருவாயா, எங்களுக்காகச் சொல்கிறாயா, கடைசி நேரத்தில் முட்டி வலிக்குமா என்று கேள்விகள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. நீ நம்புவதைப் போல் ஆட்களை நம்ப எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் வந்தது. நான் கேட்கவில்லை மச்சான், அவள் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.