இரண்டும் ஒரே மஞ்சள்

அக்கா,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு அட்டைப்பெட்டி என் தலையில் விழுந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி முதலில் பெட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் பார்த்தாள். மூடி திறந்து, ரப்பர் வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. உள்ளே என் மகள் பாப்பாவின் பழைய வெள்ளை கேன்வாஸ் ஷூ. துணி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சோல் இரண்டும் பழைய நெய் மாதிரி மஞ்சள்.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அடி பட்டுச்சா?" என்றாள் மனைவி. "அக்கா ஞாபகம்" என்றேன்.

நீங்கள் வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும், நீங்கள் சாப்பாட்டுப் பையோடு ஓடுவீர்கள். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் உங்களுக்கு ஜோடி பார்க்கிற வேலை. இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே நிறமா, சோல் ஒரே வெள்ளையா என்று பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். இதுக்கெல்லாமா ஒரு ஆள் என்று நான் சிரித்தேன். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நாள் முழுக்க நின்று பட்டனை அமுக்குகிறவன் சிரித்தான்! பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு அவ்வளவு திமிர் கூடாதுதான்.

ஒரு பௌர்ணமிக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து கிரிவலம் போனோமே, நினைவிருக்கிறதா? வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்தால், செருப்பு விட்ட இடத்தில் ஒரு குன்று அளவுக்குச் செருப்பு. நீங்கள் குனிந்து, தேடி, ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து உங்கள் செருப்பை எடுத்து வந்தீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் இடது கால்.

"நிறத்தைப் பார்த்துதான் எடுத்தேன் தம்பி. காலைத்தான் பார்க்கல" என்றீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் உங்களைக் கிண்டல் செய்தேன். எனக்கும் ஒரு நாள் வருமென்று அப்போது தெரியவில்லை.

பாப்பா ஒன்பதாவது படித்த வருஷம் அது வந்தது. சுதந்திர தின அணிவகுப்பில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள்தான் தலைவி. தனியாக முன்னால் நடக்க வேண்டும். என் பரம்பரையில் எதற்கும் முன்னால் நின்ற ஆள் கிடையாது. ரேஷன் வரிசையில்கூட நாங்கள் பின்னால்தான். அதனால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். முந்தின வருஷம், வளருகிற பிள்ளையென்று ஒரு அளவு பெரிதாக வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவில் வைத்திருந்த ஷூவை எடுத்தேன். ஒரு நாள்கூடப் போடாத ஷூ. சோல் மஞ்சளாகியிருந்தது.

ஒத்திகையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "சாம்பார் ஷூனு கூப்பிடறாளுங்கப்பா. நான் முன்னாடி போகமாட்டேன். டீச்சர்கிட்ட வேற யாரையாவது போடச் சொல்லிடறேன்." டவுனில் இருக்கிற அத்தனை கடையும் ஏறி இறங்கினேன். எல்லாப் பள்ளிக்கூடமும் வாங்கிப்போன நேரம், அவள் அளவு மட்டும் எங்கேயும் இல்லை.

உங்களிடம் வந்தேன். "அக்கா, கம்பெனில சோலுக்கு ஏதோ பூச்சு அடிப்பீங்களாமே. ஒரு சின்ன பாட்டில்ல கொண்டாங்களேன்."

"கேட்ல பையைத் திறந்து காட்டணும் தம்பி. அது என்னால ஆகாது." சொல்லிவிட்டு ஷூவை வாங்கி, வெயிலில் நிறம் சரியாகத் தெரியாதென்று வாசலில் நிழல் விழுந்த இடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தீர்கள். "இது அழுக்கு இல்ல. ரப்பர் சீக்கிரம் வெடிக்கக்கூடாதுனு உள்ள ஒரு மருந்து கலக்கறாங்க. சிலதுல அந்த மருந்தே நாளாக ஆக மஞ்சளா தெரியும். சோலு கெட்டியாத்தான் இருக்குது. ஒண்ணும் பண்ணாத, அப்படியே வுடு."

ஒரு பாட்டில் தரமாட்டேன் என்றது மட்டும்தான் என் காதில் ஏறியது. "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடச் செய்யலையே" என்று மனைவியிடம் பொருமினேன். மூன்று நாள் உங்களைப் பார்த்தால் போனில் பேசுகிற மாதிரி நடித்தேன். ஒரு தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்துவிட்டது. நீங்கள் சிரிக்காமல் உள்ளே போனீர்கள். அது உங்கள் பெருந்தன்மை.

பிறகு நானே இறங்கினேன். அணிவகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து, ஒரு ஷூவில் பரீட்சை பார்ப்போமென்று இடது ஷூவை எடுத்தேன். பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், மொட்டை மாடி வெயில். மஞ்சள் முழுசாகப் போகவில்லை, திட்டுத்திட்டாக வெளுத்தது. ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்டை எடுத்து அடித்தேன். பளபளவென்று வந்தது! பாப்பாவைக் கூப்பிட்டுப் போட்டு நடக்கச் சொன்னேன். நாலு அடி. பாதம் மடங்குகிற இடத்தில் பெயின்ட் காய்ந்த ஏரி மாதிரி வெடித்து, தரையெல்லாம் வெள்ளைச் செதிள். இடது கால் ஒரு நிறம், வலது கால் ஒரு நிறம். அவள் அழக்கூட இல்லை. "சரிப்பா, நான் நாளைக்குப் போகல" என்று மட்டும் சொன்னாள். அந்தச் "சரிப்பா" இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயந்திரம் உங்கள் பஸ் வந்ததும் அவளே ஷூவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியபடியே நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள்.

"இன்னா தம்பி இது, வெள்ளையடிச்சியா? பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குதே."

தரையில் கிடந்த வெள்ளைச் செதிளைக் காலால் ஒதுக்கினேன்.

"மேல ஒரு பூச்சு இருந்திச்சு, கண்ணுக்கே தெரியாது. அழுக்கு ஏறாம அதுதான் காப்பாத்திச்சு. அதைச் சுரண்டிட்டு ஜன்னல் பெயின்டை அடிச்சிருக்கிற. சோலு மடங்கும், ஜன்னல் மடங்குமா?"

"பெரியம்மா, வெள்ளை ஆவுமா?" என்றாள் பாப்பா.

"ஆவாது கண்ணு. ஆனா வெள்ளைய எவன் பார்க்கறான்? ஒண்ணு வெள்ளை ஒண்ணு மஞ்சள்னாதான் கண்ணுல குத்தும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா கண்ணு தாண்டிப் போயிடும். தினமும் அதைத்தானே பார்க்கறேன்."

மழுங்கின கரண்டியால் பெயின்டைச் சுரண்டினீர்கள். பாப்பாவின் பென்சில் ரப்பரால் தேய்த்தீர்கள். சோப்புப் போடாமல் நல்ல தண்ணீரில் நாலு தடவை கழுவினீர்கள். சோப்பு இருந்தால் மஞ்சள்தூள் சிவந்துவிடும் என்றீர்கள். பிறகு டீ டிகாஷனில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, துணியால் தொட்டுத் தொட்டு, என் இடது ஷூவை வலது ஷூவின் மஞ்சளுக்குக் கொண்டுவந்தீர்கள். "ஜாஸ்தி ஆயிடுச்சு... கம்மி பண்ணணும்" என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டீர்கள். நான் நாள் முழுக்க வெள்ளையாக்கப் பார்த்ததை நீங்கள் உட்கார்ந்து மஞ்சளாக்கினீர்கள். கடைசியில் பாப்பாவின் நிறமில்லாத நகப்பூச்சை சோலின் ஓரத்தில் மட்டும் மெலிசாகத் தடவினீர்கள். பாதம் மடங்குகிற இடத்தைத் தொடவில்லை.

"இது எத்தனை நாள் தாங்கும் பெரியம்மா?"

"ஒரு நாள்."

"அவ்வளவுதானா?"

"உனக்கு எத்தனை நாள் வேணும்?"

பாப்பா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். தாகமெல்லாம் இல்லை.

மறுநாள் மைதானத்தில் ஊரே பாப்பாவின் முகத்தைப் பார்த்தது. நான் மட்டும் காலைப் பார்த்தேன். இடது, வலது, இடது, வலது. ஒரு தடவைகூட எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் நன்றி சொல்ல வந்தேன். நீங்கள் வேலைக்கு விடுமுறை என்று தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் சொல்லலாமென்று திரும்பினேன். அந்த அப்புறம் எத்தனையோ வருஷம் தள்ளிப்போனது. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல்தான் வந்தது, நன்றி வரவில்லை.

போன வருஷம், கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

பாப்பா இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அங்கேயும் வெள்ளை ஷூதான். வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டையும் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாளாம். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாராம். "பெரியம்மா" என்றாளாம். போனில் இதைச் சொல்லிவிட்டு, "அப்பா, இதை நீ தொடக்கூடாது" என்றும் சொன்னாள். நியாயம்தான்.

பரணிலிருந்து விழுந்த ஜோடியை வாசலில் நிழல் விழுந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். தேநீர், மஞ்சள்தூள், நகப்பூச்சு எல்லாம் எப்போதோ போயிருக்கும். இத்தனை வருஷத்தில் இரண்டும் தானாகவே ஒரே மஞ்சளுக்கு வந்து நிற்கின்றன. உங்கள் கைபட்டது எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இடது ஷூவின் குதிகால் ஓரத்தில் மட்டும் கடுகளவு ஜன்னல் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் செய்தது மட்டும் தெரிகிறது அக்கா. நீங்கள் செய்தது தெரியவே இல்லை.

நகத்தால் சுரண்டப் போனேன். அப்புறம், "ஒண்ணும் பண்ணாத, அப்படியே வுடு" என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன்.