கை நனைக்காத காரணம்

செல்லூர், மதுரை
2-2-1937

சோழவந்தான் கொடிக்கால் மொக்கையன் மாமா அவர்களுக்கு, காசிமாயன் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். அங்கே கோழிகள் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த அவசரக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் செல்லத்தாயைப் பெண் பார்க்க வந்து, பந்தியில் உட்கார்ந்து, கை நனைக்காமல் எழுந்துவிட்டேன். என்னைப் பார்த்து என் வீட்டார் ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். கை நனைத்தால் சம்மதம், நனைக்காவிட்டால் பெண் வேண்டாம் என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் மாமா, நான் வேண்டாம் என்றது கோழியை, பெண்ணை இல்லை!

குழம்பில் கிடந்தது சீக்குக் கோழி. கொண்டை கறுத்து, இறகு தொங்கி, நின்றபடியே தூங்கி விழுந்த கோழி. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரான எனக்கு இது தெரியாதா? மற்றக் கோழிகளையும் உடனே பாருங்கள். எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருக்கிறதா? வாயைத் திறந்து மூச்சு விடுகின்றனவா? பதில் போடுங்கள்.

தங்கள் மருமகனாக இன்னும் ஆசைப்படும்,
காசிமாயன்


சோழவந்தான்
5-2-1937

தம்பி காசிமாயனுக்கு,

மாப்பிள்ளை என்று எழுத மனம் வராததால் தம்பி.

நீங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே அந்தக் கோழி குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கொண்டை கறுத்ததை நீ எந்தக் கண்ணால் பார்த்தாய்? மசாலாவைப் பார்த்து நோய் சொல்ல மாட்டாஸ்பத்திரியில் கற்றுக்கொடுக்கிறார்களோ?

தூங்கினால் நோயா? எங்கள் கிராம முன்சீப்பும் பகலெல்லாம் தூங்குகிறார். அவரை யாரும் கோழியைப்போலப் பஞ்சாரக் கூடை போட்டு மூடவில்லை.

எட்டு இலைச் சோற்றையும் தெருநாய்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டன. ஆனாலும் அவற்றுக்குப் பெண் கொடுப்பதாக இல்லை. வியாழக்கிழமை வில்லாபுரத்திலிருந்து வேறொரு சம்பந்தம் வருகிறது.

இப்படிக்கு,
மொக்கையன்

பின்குறிப்பு: நேற்றிலிருந்து நாலு கோழி இரை எடுக்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. இதை நான் எழுதவில்லை. செல்லத்தாய் எழுதச் சொன்னாள்.


செல்லூர், மதுரை
7-2-1937

மாமா!

கழுத்துத் திருகலா! வெள்ளைக் கழிச்சலேதான்! நல்ல கோழிகளை இந்த நிமிஷமே வேறு பஞ்சாரத்துக்குப் பிரித்து, தனிச் சட்டியில் தண்ணீர் வையுங்கள். செத்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், வைகையில் எறியாதீர்கள். விளக்கெண்ணெய் அரைப்படி புகட்டவும்.

கொண்டையை எங்கே பார்த்தேன் என்று கேட்டிருந்தீர்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வில்லாபுரத்தாருக்குக் கோழி அடிக்க வேண்டாம். இதை வைத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையில் இல்லை. கொஞ்சம் பொறாமையும் உண்டு.

காசிமாயன்


சோழவந்தான்
13-2-1937

மாப்ள,

இருபத்துமூன்று கோழியில் பதினேழு போய்விட்டன. ஆறு பிழைத்தன. அது உன் வைத்தியத்தால் அல்ல. உன் கடிதம் வருமுன்பே செல்லத்தாய் அவற்றைப் பிரித்துவிட்டாள். அரைப்படி விளக்கெண்ணெய் என்ற இடத்தைப் படித்துவிட்டு, "இவுகளுக்குக் காளைமாட்டு வைத்தியந்தேன் தெரியும் போல" என்று அரைமணி நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் விஷயம் வெளியே வந்தது.

அன்று காலையிலேயே அவள் சொன்னாள்: "அய்யா, அந்தச் செவலை தூங்கி வழியுது, கொண்டையெல்லாம் கறுத்துப்போச்சு, அறுக்காதீக." சாவதற்குள் குழம்பாகட்டும் என்று அறுத்தவன் நான். பரிமாறக் குனிந்தபோது "சீக்குக் கோழி, தின்னாதீக" என்று உன் காதில் சொன்னவள் அவள். நீ கண்டது கொண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் கடிதத்தில் எனக்குப் பொய் எழுதினாய், அடுத்ததில் தபாலைச் சாக்குச் சொல்லி மழுப்பினாய். என் மகளைக் காட்டிக்கொடுக்காமல் எழுதிய பொய் என்பதால் அதை வெற்றிலைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வில்லாபுரத்தார் வந்தார்கள். ஒரு கோழியைப் பிடிக்கப் போனேன். செல்லத்தாய் பஞ்சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இதுல ஒண்ணத் தொட்டாலும் நான் அவுக முன்னாடி வந்து நிக்க மாட்டேன்." வெறும் ரசத்துக்குக் கை நனைக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வா. அந்த ஏழு பேரையும் கூட்டி வா. கத்தரிக்காய்க் குழம்புதான். செல்லத்தாய்தான் பரிமாறுவாள். உன் காதில் அவள் என்ன சொன்னாலும் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்காதே.

உன் மாமன்,
மொக்கையன்