மாடி அறையில் வரையும் முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? உன்னிடம் விட்டுவந்த என் பிள்ளை சுவரில் கிறுக்கினால் அடிக்காதே, அது என் ரத்தம். நான் சௌக்கியம்.

கல்யாணம், பிள்ளை, வீட்டுவேலை என்று படம் வரைவதையே விட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டாயே, இப்போது தினமும் வரைகிறேன். சமையல் மேடையில் கொட்டிய மாவில் விரலால் ஒரு முகம் வரைந்ததை முதலாளியம்மா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பயந்தேன். அவரோ வண்ணங்கள் வாங்கித் தந்து, இறந்துபோன தன் மகளை வரையச் சொன்னார். மாடி அறையையும் கொடுத்தார். எனக்குப் பதிலாகச் சமையலுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

முதல் படத்தைப் பார்த்ததும், "கண்ணு அப்படியே உன் கண்ணு மாதிரி இருக்கே" என்றார். அதிலிருந்து மகளின் உடைகளை எனக்கு உடுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்து வரையச் சொல்கிறார்.

நேற்று, "ஊருக்கு எப்பம்மா அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"இதுதானே கண்ணு உன் வீடு" என்று சிரித்தபடி கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். படத்தில் தூசி படக்கூடாதாம்.

கவலைப்படாதே, கை முன்பைவிட நன்றாக ஓடுகிறது. ஆனாலும் என்னை இங்கே சேர்த்துவிட்ட ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. பதில் எழுதும்போது உறைமேல் என் பெயரைப் பெரிதாக எழுது. இங்கே யாரும் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுவதில்லை.

சாவிச் சத்தம் கேட்கிறது. இதைச் சாப்பாடு கொண்டுவரும் சமையல்காரி தபாலில் போடுவாள்.

உன் மகள்தான்.