ஸ்டெப்னி இடத்தில் பனியன் பெட்டி

12-3-2006, ஞாயிறு. ஜபல்பூர் லாட்ஜ்.

காசிக்கு இன்னும் ஒரு நாள் வழி இருக்கிறது.

நாக்பூர் தாண்டியதும் காடு. புரச மரங்கள் இலையே இல்லாமல் சிவக்கப் பூத்திருந்தன. பேத்தி கவிதாதான் கார் ஓட்டினாள். ஒரு வளைவில் டயர் பஞ்சராகி வண்டி இழுத்தது. பதறாமல் ஓரங்கட்டினாள், என் தங்கம். அவள் அப்பன், என் மகன், கத்தினான். "பொட்டப்புள்ள கையில குடுத்தா இப்பிடித்தான். இனி நானே ஓட்டிக்கறேன்." அவள் முகம் சுண்டிவிட்டது.

டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. இந்த ஜபல்பூர்க் கடைக்குக் கொடுக்கப் பனியன் பெட்டி ஏற்ற, மகனே அதை வீட்டில் இறக்கி வைத்திருக்கிறான்.

நம் ஊர்ப் பக்கத்துச் சங்ககிரி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, டயர் எடத்துல பனியனுங்களா? அதையே மாட்டி ஓட்டீருங்க!"

அவரே சக்கரத்தைக் கழற்றி, மகனையும் ஏற்றிப்போய், பஞ்சர் ஒட்டி வந்து மாட்டினார். "அந்தப் பக்கம் பள்ளமுங்க. பாப்பா நல்லா நிறுத்தியிருக்குது" என்றார். கூலி வேண்டாமென்று ஒரு பனியன் மட்டும் வாங்கிக்கொண்டார்.

மகன் சாவியை அவளிடமே நீட்டினான். "மெதுவாப் போ கண்ணு."

கங்கையில் அந்த மகராசனுக்கு ஒரு விளக்கு விடவேண்டும். பேர் கேட்க மறந்துவிட்டேன். சங்ககிரி லாரிக்காரர் என்றால் சாமிக்குத் தெரியாமலா போகும்.