துக்கத்துக்கு வந்தவர்களின் பெயர்கள்

தைர் அஸ்ஸோர்
செவ்வாய்க்கிழமை, 16 அக்டோபர் 1984

அன்பு மகன் நவ்வாஃபுக்கு உம்மா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் தங்கை ஹஸ்னாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. ஹஸ்னாவின் பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது, வந்ததும் முதலில் என் விரலைத்தான் கடித்தது. வெண்டைக்காய் கோத்துக் காயவைத்தேன், குட்டிக் கத்திரிக்காயை வால்நட் அடைத்து எண்ணெயில் போட்டேன், உனக்குக் கொடுத்தனுப்ப ஆசைதான், ஆனால் இதைக் கொண்டுவருகிறவருக்கு இந்தக் காகிதமே பெரிய பாரம். அவர் வியாழக்கிழமை கிளம்புகிறார், அதனால் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் தேதி வரப்போகும் உங்கள் கட்சிப் பத்திரிகையில் ஃபய்யாதைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது.

முதல் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். வாப்பா மௌத்தானபோது உன்னால் வரமுடியாமல் போயிற்றே, பிள்ளை தனியாகக் கிடந்து அழுவானே என்று, சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கியவர்கள் யார், மூன்று நாளும் வந்து உட்கார்ந்து கசப்புக் காப்பி குடித்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராக உனக்கு எழுதினேன். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். நீ அதை அப்படியே பாரிஸில் அச்சடித்து, இவர்களுக்கெல்லாம் எங்கள் நன்றி என்று கட்டம் கட்டிப் போட்டாய். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பத்திரிகையில் நன்றி சொல்வது நம் வழக்கம்தான், மகனே, ஆனால் எந்தப் பத்திரிகையில்? இங்கே பெயர் சொன்னாலே பிடித்துப்போகும் கட்சியின் பத்திரிகையிலா? படித்தவன், பத்துப் பேருக்குச் சோஷலிசம் பாடம் எடுக்கிறவன், இது தோன்றவில்லையா உனக்கு? அந்த இதழை நான் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். ரொட்டிக்கடை சுல்தானையும் நூரி வாத்தியாரையும் கூப்பிட்டு இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அச்சில் வந்துவிட்ட பெயர்கள்தானே, இனி நான் மறைத்து என்ன ஆகப்போகிறது. சுல்தான் இப்போது எனக்கு ரொட்டியைக் கொடுக்கிறார், முகத்தைக் கொடுப்பதில்லை. அவர்களோடு கூட்டிப்போன அடுப்பு ரிப்பேர் ஃபய்யாத் மட்டும் இருபத்தாறு நாளாகத் திரும்பி வரவில்லை.

அவன் மனைவி ஷம்ஸா தினமும் காலையில் வந்து என் வாசற்படியில் உட்காருகிறாள். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஒங்க மகன் அங்க ஒக்காந்து நன்றி சொல்லிட்டாரு, இங்க எங்க அடுப்புல பூனை தூங்குது"ன்னாள். உள்ளே கூட்டிவந்து கஞ்சி கொடுத்தேன், அழுதுகொண்டே குடித்தாள். போன சனிக்கிழமை, அவனைப் பிடித்து வைத்திருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த அதிகாரி, "ஒன் புருஷன் கட்சிக்காரன் இல்லங்கறது இப்பதாம்மா எங்களுக்கே வெளங்குது, மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடுவோம், சத்தம் போடாம வீட்டுக்குப் போ"ன்னானாம். அவனை நம்பலாமா தெரியாது. வேறு யாரை நம்புவது?

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லியனுப்பியது வந்தது. கவலைப்படாதே உம்மா, தோழர் ஃபய்யாதை விடுதலை செய் என்று முதல் பக்கத்தில் படத்தோடு போடப்போகிறோம் என்று. அவன் எப்போதடா தோழர் ஆனான்? அவன் வாப்பா இறந்தபோது உன் வாப்பா மூன்று நாளும் போய் உட்கார்ந்திருந்தார், அந்தக் கடமைக்கு வந்தவன் அவன். உங்கள் கொள்கையும் தெரியாது, கோஷமும் தெரியாது. நீங்கள் தோழர் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அந்த அதிகாரியும் மறுபடி சந்தேகப்படுவான், ஃபய்யாத் வெளியே வரமாட்டான். உங்கள் தலைவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்லாதே, நிறுத்து. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நம் தெருக்கோடியில் ஒரு பெரியவர் மௌத்தானார். அவருடைய மகனும் உன்னைப் போல நாட்டுக்கு வெளியே இருப்பவன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தூக்குக்கு மூன்று பக்கம் ஆள் நின்றது, நான்காவது ஆளுக்காக வெயிலில் காத்திருந்தார்கள். நூரி வாத்தியார் அந்த வழியாக வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். நல்ல மனுஷன், அவரை இப்படி ஆக்கிவிட்டோம், நீயும் நானும்.

கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், வெறும் வயிற்றில் சிகரெட் பிடிக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு, உங்கள் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் அச்சடிக்கத் தோன்றும். அல்லாஹ் உன் ஆயுளை நீளமாக்கட்டும், என் கண் மூடுவதற்குள் உன் முகத்தைக் காட்டட்டும். அப்படிக் காட்டாமல் போனால், யாருக்கும் நன்றி போடாதே மகனே. என்னைத் தூக்கவும் நாலு பேர் வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா