அண்ணே, சைலன்சர் தண்ணியைப் பற்றி நீ சொன்னது பொய்

என்னோடு வம்புக்கு நின்றே என்னை வளர்த்த என் ஆசை அண்ணனுக்கு,

வருகிற மாதம் வந்தால் நீ போய் ஒரு வருஷம். ஆண்டு நினைவுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உன் மகன் துபாயிலிருந்து என்னைக் கேட்டான். அச்சாபீசில் பாசத்தின் சிகரம், பண்பின் இருப்பிடம் என்று ஒரு பாட்டைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். அதையே போட்டுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன், போன வாரம் உன் வண்டியைத் திறந்து பார்க்கிற வரைக்கும்.

வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பாய். சுகம் இல்லை. உன் பெண்டாட்டி, என் மைனி, பாதி ஆளாகிவிட்டாள். உன் அம்பாசிடர் கார் தார்ப்பாய்க்கு அடியில் ஷெட்டில் கிடக்கிறது. அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள். என் வீட்டுக்காரரைக் கொன்ற சாமானம் என்பாள். அதோடு நிறுத்தாமல் தங்கமணி மெக்கானிக்கின் பெயரையும் சொல்லிச் சபிப்பாள்.

வண்டி துப்பிய அந்தத் தண்ணீர் எனக்கும் நினைவிருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது நான் வண்டிக்குப் பின்னால் நின்றேன். நீ ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்சரிலிருந்து தண்ணீர் பீச்சியடித்து என் புதுச் சேலை நனைந்தது. தங்கமணியிடம் காட்டு என்று சொன்னேன். காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

"ஒண்ணும் இல்ல பிள்ளே. காலத்த குளிருல எல்லா வண்டியிலயும் வரக்கூடிய தண்ணிதான்னு சொல்லிட்டான். நீ சும்மா பயந்து சாவாத."

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம். நம் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மண்டபத்துக்கு உன் வண்டியில்தான் போகும், நீதான் ஓட்டுவாய். அந்தப் பிள்ளையையும் நாகர்கோவிலில் கொண்டு இறக்கிவிட்டு, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு தனியாகத் திரும்பினாய். இரணியல் ஸ்டேஷன் ரோட்டு ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது. நடு ரோட்டில் கிடக்கிறதே என்று நீயே இறங்கித் தள்ளினாய். ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது பின் கதவில் சாய்ந்து கிடந்தாயாம். மாரடைப்பு என்றார் டாக்டர்.

சாவு வீட்டுக்குத் தங்கமணியும் வந்தான். வராமல் இருந்திருக்கலாம்.

"யக்கா, எஞ்சின் ஹெட்டைத் திறக்கணும், அதுவரைக்கும் வண்டிய எடுக்கப்பிடாதுன்னு அண்ணாச்சிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று மைனியிடம் சொன்னான். மைனியின் தம்பி எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தான். செத்த மனுசனைப் பொய்யனாக்குகிறாயா என்று கூட்டம் சத்தம் போட்டது. ஒன்றுமில்லை என்று தங்கமணி சொன்னதாக நீ சொன்னதை நான் என் காதால் கேட்டவள். மைனியும் அப்படித்தான் சொன்னாள். அந்த இடத்தில் அவன் பேச்சை யார் கேட்பார்கள்? அதற்குப் பிறகு ஒருத்தரும் அவனிடம் வண்டி விடவில்லை. தன் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிவிட்டு, மணவாளக்குறிச்சிப் பக்கம் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் பார்க்கிற இடத்தில் இப்போது கூலிக்கு நிற்கிறான்.

போன வாரம் குழித்துறையில் பழைய கார் வாங்கிச் சேர்க்கிற ஒருத்தர் உன் வண்டியைக் கேட்டு ஆள் அனுப்பினார். வந்த மெக்கானிக்குக்கு நம் கதை ஒன்றும் தெரியாது. புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, ரேடியேட்டரைத் தண்ணீரால் நிரப்பி, சாவியைத் திருகினார். வண்டி இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. சைலன்சர் தண்ணீரைத் துப்பியது. நான் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன் அண்ணே.

"தண்ணி வந்ததும் பயந்து பேடிக்காண்டாம் அக்கா" என்றார். "குளுந்து கிடந்த சைலன்சர் உள்ள வேர்க்கும். சூடானா அது நிக்கும். நிக்குதா பாப்போம்."

நிற்கவில்லை. சைலன்சர் கைவைக்க முடியாமல் சுட்ட பிறகும் வெள்ளைப் புகையும் தண்ணீருமாக வந்துகொண்டே இருந்தது. ரேடியேட்டர் வாயில் உலைத் தண்ணீர் மாதிரி குமிழி. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எஞ்சின் ஆயில் பால் விட்ட சாயா நிறத்தில் இருந்தது.

"எஞ்சினுக்கும் மேல உள்ள ஹெட்டு மூடிக்கும் நடுவுல உள்ள கேஸ்கட்டு போயாச்சு. ரேடியேட்டர் தண்ணி எஞ்சினுக்குள்ள எறங்கி, சைலன்சர் வழியா வெளிய போவுது. இது இண்ணைக்கு நேத்துள்ள கேடு இல்ல."

பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்னைச் சாவி திருகச் சொன்னார். மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு ஷெட்டுச் சுவரில் அடித்தது. சுவர் மஞ்சளாகிவிட்டது. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து, விரலை விட்டுக் கொஞ்சம் சகதியை வழித்து மோந்து பார்த்தார். என் மூக்குக்கும் நீட்டினார். மஞ்சள் பொடி.

"ரேடியேட்டர்ல ஓட்டை விழுந்தா பழைய ஆளுக போடுவாங்க. கேஸ்கட்டு போனதுக்கு இது என்ன செய்யும்? உள்ள உள்ள குழாயத்தான் அடைக்கும். பொறவு வண்டி கொதிக்காம என்ன செய்யும்?"

அந்த வைத்தியம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? நம் அப்பா ஒருதரம் திருச்செந்தூர் போகிற வழியில் கடையில் மஞ்சள் பொடி வாங்கி ரேடியேட்டரில் கொட்டினார். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். அப்படியானால் தண்ணீர் குறைவது உனக்குத் தெரியும். ஹெட்டைத் திறக்கணும் என்று தங்கமணி சொன்னதும் உண்மை. நீ பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டாய், அதற்கு அவன் அடி வாங்கினான். எனக்கு வந்த கோபத்தில் நீ எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

நேரே அடுக்களைக்குப் போனேன். மைனி மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, தங்கமணி சொன்னது நெசம். ரேடியேட்டருக்குள்ள மஞ்சப் பொடி கிடக்கு."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன். திரிச்சு வச்சிருந்த மஞ்சப் பொடிய டப்பாவோட அப்பிடியே குடுத்தேன். எதுக்குன்னு கேட்டேன். தங்கமணி ஓட்டாண்டாம்னுதான் சொல்லுகான், இந்தக் கல்யாணம் ஒண்ணு கழியட்டும், அந்தப் பிள்ளைக்கு வாக்கு குடுத்தாச்சுன்னாரு. ஊருக்கெல்லாம் தேர் ஓட்டுங்கன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தேன்."

"பின்ன எதுக்கு மைனி அவன்மேல பழியப் போட்டிய?"

"அவனைச் சொல்லலேன்னா நான் என்னைத்தானே சொல்லணும் பிள்ளே."

கீழே உட்கார்ந்து மிச்சக் கிழங்கை நான் உரித்தேன்.

அவளிடம் உண்மையைச் சொன்னாய், என்னிடம் பொய் சொன்னாய். நான் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன் என்று தெரிந்துதானே? ஒரு பிள்ளை மண்டபத்துக்கு வேறு வண்டியில் போனால் என்ன கெட்டுப்போகும் அண்ணே? அன்றைக்கு வண்டி நிற்காமல் இருந்திருந்தால் உன் நெஞ்சு இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்குமா, இல்லை அடுத்த நாளே வேறெங்காவது விழுந்திருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன். கையை விரித்தார். மைனி தினமும் இதைத்தான் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இப்போது புரிகிறது.

வண்டி வேண்டாம் என்று குழித்துறைக்காரர் சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு மைனி என்னிடம் வந்தாள்.

"நோட்டீசுல அந்தப் பாட்டு வேண்டாம். நடந்தத எழுது. என்னையும் சேத்து எழுது. வாயால சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"ஊரு என்ன சொல்லும் மைனி?"

"அவனை இத்தனை நாள் சொல்லிச்சு. இனி என்னைச் சொல்லட்டும்."

அதனால்தான் இந்தக் கடிதமே உன் ஆண்டு நினைவு நோட்டீசாக அச்சுக்குப் போகிறது. தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுப்போம். அறைந்த கை இருக்கிற வீட்டுக்கும் போகும். உன் மகன் போனில் கத்தினான், அப்பா மானம் போகுமே என்று. தங்கமணிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். இன்னும் பேசவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முதல் நோட்டீசை எடுத்துக்கொண்டு நானும் மைனியும் மணவாளக்குறிச்சிக்குப் போவோம். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, தங்கமணி முன்னால் நின்று இதை நான் வாசிப்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் முழுதும் வாசிப்பேன். மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன், அதைக் கேட்க வேண்டியவன் நீ. வாசித்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் படத்துக்கு மாலை. அதுவரைக்கும் வெறுங்கழுத்தோடு இரு.

கோபமும் ஆறாமல், உன்னை விடவும் முடியாமல்,
உன் ஒரே தங்கச்சி